மின்னூட்டமே இல்லாத காகிதத்தைச் சீப்பு ஏன் இழுக்கிறது?

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கிறது. எதிரெதிர் மின்னூட்டங்கள் கவரும், ஒத்தவை விலக்கும் என்பது பாடம். காகிதத்தை யாரும் தேய்க்கவில்லை, அதில் மின்னூட்டமே கிடையாது. பிறகு எந்த விதிப்படி அது மேலே வருகிறது? வந்து ஒட்டியவற்றில் சில, கொஞ்ச நேரத்தில் தெறித்து ஓடுவது ஏன்? கடைசியாக, ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு ஒரு கூலும் மின்னூட்டங்கள் 900 கோடி நியூட்டன் விசையுடன் தள்ளிக்கொள்ளும் என்றால், சீப்பால் ஏன் காகிதத் துணுக்கைத் தாண்டி எதையும் தூக்க முடியவில்லை? மூன்று கேள்விகளாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் மூன்றும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன: "மின்னூட்டம் இல்லை" என்று சொல்லும்போது எது இல்லை என்று சொல்கிறோம்?

இரண்டு மில்லிமீட்டர் சதுரமாகக் கிழித்த ஒரு காகிதத் துணுக்கை எடுத்துக்கொள்வோம். சாதாரண அச்சுத்தாள் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஆகவே துணுக்கின் நிறை 0.32 மில்லிகிராம். காகிதம் பெரும்பாலும் செல்லுலோஸ். அதில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் எந்த விகிதத்தில் உள்ளன என்பது தெரியும் என்பதால், துணுக்குக்குள் ஏறத்தாழ 10²⁰ எலக்ட்ரான்கள் இருப்பதாகக் கணக்கிடலாம். ஓர் எலக்ட்ரானின் மின்னூட்டம் 1.602 × 10⁻¹⁹ கூலும். பெருக்கிப் பாருங்கள்: சுமார் 16 கூலும் எதிர்மின்னூட்டம். அணுக்கருக்களில் அதே 16 கூலும் நேர்மின்னூட்டம். நன்றாகத் தேய்த்த சீப்பில் சேர்வதோ சில நானோகூலும் (ஒரு நானோகூலும் என்பது கூலுமில் நூறு கோடியில் ஒரு பங்கு), மிஞ்சினால் சில பத்து நானோகூலும். அதாவது சீப்பைவிடக் காகிதத்தில்தான் கோடிக்கணக்கான மடங்கு மின்னூட்டம் இருக்கிறது. இரண்டு வகையும் சரிக்குச் சரி கலந்து கிடப்பதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். நடுநிலை என்பது வெறுமை அல்ல, சமநிலை.

சீப்பு செய்வதெல்லாம் அந்தச் சமநிலையை இம்மியளவு நகர்த்துவதே. சீப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தின் அணுக்களில் எலக்ட்ரான் மேகம் சீப்பைவிட்டுச் சற்று விலகி நகர்கிறது. காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் பொருள் என்பதால், அந்த ஈரத்தில் உள்ள அயனிகளும் கொஞ்சம் இடம் மாறுகின்றன. விளைவு, சீப்பைப் பார்த்த பக்கத்தில் நேர்மின்னூட்டம் சிறிது மிகுகிறது, மறுபக்கத்தில் எதிர்மின்னூட்டம் அதே அளவு மிகுகிறது. மொத்தம் இன்னும் சுழியம்தான். ஆனால் அருகில் இருக்கும் நேர்மின்னூட்டத்தைச் சீப்பு இழுக்கும் விசை, தள்ளி இருக்கும் எதிர்மின்னூட்டத்தைத் தள்ளும் விசையைவிடக் கொஞ்சம் அதிகம். அந்த வித்தியாசம்தான் காகிதத்தைத் தூக்குகிறது. சீப்பில் நேர்மின்னூட்டம் இருந்திருந்தால் எல்லாம் தலைகீழாக நடந்து, முடிவு மட்டும் அதேதான்: இழுப்பு. பட்டில் தேய்த்த கண்ணாடிக் கோல் நேர்மின்னூட்டம் பெறும். அதுவும் இதே காகிதத்தை இழுக்கும். இதற்கு மின்முனைவாக்கம் என்று பெயர். உலோகத் தாளாக இருந்தால் எலக்ட்ரான்கள் தாள் முழுக்கத் தடையின்றி ஓட முடியும் என்பதால் அதை நிலைமின் தூண்டல் என்போம். அடிப்படை ஒன்றே.

நகர்வு எவ்வளவு சிறியது என்பதைக் கணக்கில் பார்த்தால் வியப்பாக இருக்கும். சீப்பின் நுனியில் 10 நானோகூலும், 3 சென்டிமீட்டர் தள்ளிக் காகிதம் என்று கொள்வோம். அந்த இடத்தில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் ஒரு லட்சம் வோல்ட். துணுக்கை ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகப் பாவித்துக் கணக்கிட்டால், 16 கூலும் எதிர்மின்னூட்டமும் சராசரியாக நகரும் தூரம் 10⁻¹⁵ மீட்டருக்கும் குறைவாக வருகிறது. ஒரு புரோட்டானின் விட்டத்தைவிடச் சிறியது! அதனால் கிடைக்கும் இழுவிசை சுமார் 7 × 10⁻⁸ நியூட்டன். துணுக்கின் எடையோ 3 × 10⁻⁶ நியூட்டன். நாற்பதில் ஒரு பங்குதான், எனவே துணுக்கு அசையாது. இப்போது தொலைவைப் பாதியாக்குங்கள். மின்விசை தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதம் என்னும் கூலும் விதிப்படி விசை நான்கு மடங்கு ஆகும் என்றுதான் பலர் எதிர்பார்ப்பார்கள். இங்கே அப்படி இல்லை. மின்புலம் நான்கு மடங்காவதால் முனைவாக்கமும் நான்கு மடங்கு. அருகு பக்கத்துக்கும் தூரப் பக்கத்துக்கும் இடையிலான விசை வித்தியாசமோ தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வளர்வதால் இன்னொரு எட்டு மடங்கு. மொத்தம் 32 மடங்கு. தொலைவின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். ஒன்றரை சென்டிமீட்டரில் விசை எடையை நெருங்கிவிடும், அதற்குள் வந்ததும் துணுக்கு பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். சீப்பைக் கீழே கொண்டுவரும்போது வெகுநேரம் ஒன்றும் நடக்காமல் திடீரென்று எல்லாத் துணுக்குகளும் எழும்புவதன் காரணம் இந்த ஐந்தாம் அடுக்கு. உண்மையில் துணுக்கு உருண்டை அல்ல, சீப்பின் மின்னூட்டமும் ஒரு புள்ளியில் இல்லை. எனவே என் எண்கள் இரண்டு மூன்று மடங்கு பிசகலாம். போக்கு பிசகாது.

தெறித்து ஓடும் துணுக்குகளுக்கு வருவோம். காகிதம் சீப்பைத் தொட்டதும், அதன் மேற்பரப்பு ஈரத்தின் வழியே சீப்பின் மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் காகிதத்துக்குள் கசிகிறது. அருகு பக்கத்தில் மிகுந்திருந்த நேர்மின்னூட்டம் ஈடுசெய்யப்பட்டு, ஒரு கட்டத்தில் துணுக்கே மொத்தமாக எதிர்மின்னூட்டம் உடையதாகிவிடும். ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும், துணுக்கு தெறிக்கும். எல்லாத் துணுக்குகளும் ஒரே நேரத்தில் தெறிக்காததற்குக் காரணம், எந்த அளவு பரப்பு தொட்டிருக்கிறது, எவ்வளவு ஈரம் உள்ளது என்பது ஒவ்வொன்றுக்கும் வேறுபடுவதே. சிறு அலுமினியத் தாள் துண்டுகளை வைத்துப் பாருங்கள்: தொட்ட மறுகணமே துள்ளி விழும், மேசையில் மின்னூட்டத்தை விட்டுவிட்டு மறுபடி எழும்பும். தெர்மாகோல் மணிகள் நேர்மாறு. அவற்றில் கசிவு மிக மெதுவாக நடப்பதால் வெகுநேரம் ஒட்டியே கிடக்கும்.

இதிலிருந்து வரும் ஒரு முடிவு பாடப்புத்தகங்களில் ஒற்றை வரியாகக் கடந்து போகும், செய்முறையில் அதுவே முக்கியம். ஒரு பொருள் இன்னொன்றை இழுக்கிறது என்பதை வைத்து இரண்டிலும் மின்னூட்டம் உண்டு என்று சொல்ல முடியாது. ஒன்றில் இருந்தால் போதும். விலக்கினால் மட்டுமே இரண்டிலும் மின்னூட்டம் இருக்கிறது, அதுவும் ஒரே வகை என்று அடித்துச் சொல்லலாம். இழுப்பு ஐயத்துக்குரிய சாட்சி, விலக்கு உறுதியான சாட்சி. ஒரு படி மேலே போனால், ஒத்த மின்னூட்டம் கொண்ட இரண்டு உலோக உருண்டைகள்கூட, மின்னூட்ட அளவுகள் வெகுவாக வேறுபட்டு மிக அருகில் வந்துவிட்டால் ஒன்றையொன்று இழுக்கத் தொடங்கும். பெரிய மின்னூட்டம் உள்ள உருண்டை, மற்றதன் அருகு பக்கத்தில் எதிர்வகையைத் தூண்டிவிடுவதே காரணம். ஒத்தவை விலக்கும் என்ற விதி பொய்யாகிவிடவில்லை. அது புள்ளி மின்னூட்டங்களுக்கான விதி. உருண்டைக்குள் மின்னூட்டம் இடம் மாறலாம் என்பதை அந்த ஒற்றை வரி சொல்வதில்லை.

இதை நீங்களே சோதிக்கச் சீப்பைவிட ஒட்டும் டேப் நல்லது. பளபளப்பான பிளாஸ்டிக் டேப் வேண்டும். காகித டேப் உதவாது. மேசை மீது ஒரு நீளமான டேப்பை ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள், அது அடித்தளம் மட்டுமே. 15 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டி, ஒரு நுனியை ஒரு சென்டிமீட்டர் மடித்துப் பிடியாக்கி, அடித்தளத்தின் மேல் ஒட்டி, பிடியில் "கீழ்" என்று எழுதுங்கள். அதன் மேல் இன்னொரு துண்டு, "மேல்" என்று எழுதி. இரண்டையும் சேர்த்தபடி அடித்தளத்திலிருந்து மெதுவாக உரித்தெடுங்கள். இப்போது இந்த இணை விரலை நோக்கி வளைகிறதா என்று பாருங்கள். வளைந்தால் அதில் மிச்ச மின்னூட்டம் இருக்கிறது. ஒட்டாத பக்கத்தை விரலால் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று முறை தடவினால் போய்விடும். இந்தப் படியைத் தாண்டிவிடுபவர்களுக்குத்தான் முடிவு குழப்பமாக வரும். பிறகு இரண்டையும் சட்டென்று பிரித்து, மேசை விளிம்பில் தனித்தனியே தொங்கவிடுங்கள். இதேபோல இன்னொரு இணையும் செய்யுங்கள். இரண்டு "மேல்" துண்டுகளும் ஒன்றையொன்று விலக்கும், இரண்டு "கீழ்" துண்டுகளும் அப்படியே விலக்கும், ஒரு "மேல்" துண்டும் ஒரு "கீழ்" துண்டும் இழுக்கும். உங்கள் விரலைக் கொண்டுபோனால் நான்கும் விரலை நோக்கி வரும், ஏனென்றால் விரல் நடுநிலை. எது நேர், எது எதிர் என்று அறிய, முடியில் தேய்த்த சீப்பைக் காட்டுங்கள். சீப்பு பொதுவாக எதிர்மின்னூட்டம் பெறும். அது எந்த டேப்பை விலக்குகிறதோ அது எதிர். மேல் எப்போதும் இந்த வகை, கீழ் எப்போதும் அந்த வகை என்று மனப்பாடம் செய்ய வேண்டாம். பசையும் பிளாஸ்டிக்கும் மாறினால் அதுவும் மாறும்.

டேப் சோதனையில் யாரும் எதையும் தேய்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உராய்வு மின்சாரம் என்ற பெயரே கொஞ்சம் தவறான எண்ணத்தைத் தருகிறது. இரண்டு வெவ்வேறு பரப்புகள் தொட்டுப் பிரிந்தாலே மின்னூட்டம் இடம் மாறும். தேய்ப்பது, தொடும் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது, அவ்வளவே. இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது, மின்னூட்டம் உருவாவதில்லை, பிரிகிறது என்பது. சீப்பு 10 நானோகூலும் எதிர்மின்னூட்டம் பெற்றால் முடி அதே 10 நானோகூலும் நேர்மின்னூட்டம் பெற்றிருக்கும். எலக்ட்ரான் கணக்கில் அது சுமார் 6,200 கோடி. உலோகமும் உலோகமும் தொடும்போது எலக்ட்ரான்கள் ஏன் ஒரு பக்கம் போகின்றன என்பதும் நன்றாகவே விளங்கிய விஷயம். ஆனால் பிளாஸ்டிக், முடி, கண்ணாடி போன்ற கடத்தாப் பொருள்களில் கடந்து போவது எலக்ட்ரானா, அயனியா, பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய பொருள் துகளா என்பது இன்னும் ஆய்வாளர்களிடையே விவாதத்தில்தான் இருக்கிறது. பொருளுக்குப் பொருள் மூன்றும் வெவ்வேறு அளவில் நடக்கலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வு, தொட்டுப் பிரிந்த பரப்பு முழுவதும் ஒரே வகை மின்னூட்டமாக இருப்பதில்லை, நேரும் எதிருமான நுண்ணிய திட்டுகள் கலந்து கிடக்கின்றன, நாம் அளப்பது அவற்றின் நிகர மிச்சம் மட்டுமே என்று காட்டியது. கண்ணாடி, முடி, நைலான், கம்பளி ஒரு முனையிலும் பாலித்தீன், பி.வி.சி., டெஃப்லான் மறுமுனையிலுமாக அடுக்கிய உராய்வு மின் வரிசை பட்டியல்களை நீங்கள் பார்த்திருக்கலாம். இரு முனைகளையும் நம்பலாம். நடுவில் அடுத்தடுத்து இருப்பவற்றின் வரிசையை நம்ப வேண்டாம். பரப்பின் அழுக்கும் ஈரமும் அதைப் புரட்டிப் போடும். ஒரே பொருளின் இரண்டு துண்டுகளைத் தேய்த்தாலும் மின்னூட்டம் வருவதுண்டு, அந்தப் பட்டியலால் அதை விளக்கவே முடியாது.

இனி விசையின் அளவு. கூலும் விதி: விசை = 8.99 × 10⁹ × முதல் மின்னூட்டம் × இரண்டாம் மின்னூட்டம் ÷ தொலைவின் இருமடி. மின்னூட்டம் கூலுமில், தொலைவு மீட்டரில் இருந்தால் விசை நியூட்டனில் வரும். சார்ல் கூலும் 1785இல் மெல்லிய கம்பியில் தொங்கும் முறுக்குத் தராசைக் கொண்டு இதை அளந்தார். 1767இலேயே ஜோசப் பிரீஸ்ட்லி, மின்னூட்டம் பெற்ற உலோகக் கலத்தின் உட்புறத்தில் விசை இல்லாததைப் பார்த்து, இருமடி எதிர்விகிதமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தார். ஹென்றி கேவண்டிஷ் 1770களில் சோதித்தும் விட்டார், ஆனால் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் 1879இல் வெளியிட்ட பிறகே அது உலகுக்குத் தெரிந்தது. அடுக்கு உண்மையிலேயே இரண்டுதானா என்று கேட்டால், 1971இல் செய்த சோதனையில் இரண்டிலிருந்து விலகல் ஏதும் இருந்தால் அது 10⁻¹⁵ அளவைத் தாண்டாது என்று கண்டார்கள். இயற்பியலில் இவ்வளவு நுட்பமாகச் சரிபார்க்கப்பட்ட விதிகள் குறைவு.

விதியைப் பயன்படுத்தும்போதுதான் பிசகுகள் நேரும். ஓர் எடுத்துக்காட்டு: தலா 3 கிராம் எடையுள்ள இரண்டு பலூன்களைக் கம்பளியில் தேய்த்து, ஒரே ஆணியிலிருந்து நூலில் தொங்கவிடுகிறோம். ஆணியிலிருந்து பலூனின் மையம்வரை ஒரு மீட்டர். மையங்கள் 40 சென்டிமீட்டர் விலகி நிற்கின்றன. ஒவ்வொரு பலூனும் செங்குத்திலிருந்து 20 சென்டிமீட்டர் விலகியுள்ளது, செங்குத்து உயரம் 98 சென்டிமீட்டர். எடை 0.0294 நியூட்டன். மின்விசை = எடை × 20 ÷ 98 = 0.006 நியூட்டன். இதை 0.4 மீட்டரின் இருமடியால் பெருக்கி, 8.99 × 10⁹ என்ற மாறிலியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 3.3 × 10⁻⁷ கூலும், அதாவது 0.33 மைக்ரோகூலும். சுமார் 2 லட்சம் கோடி எலக்ட்ரான்கள். வழக்கமான தவறுகள் என்னவென்றால், 20க்குப் பதில் 40ஐப் போட்டு விசையை இரட்டிப்பாக்குவது, பலூன்களின் விளிம்புக்கு விளிம்பு தூரத்தை அளப்பது, சென்டிமீட்டரை மீட்டராக்க மறப்பது. கடைசித் தவறு விசையைப் பத்தாயிரம் மடங்கு மாற்றிவிடும். இன்னொரு தவறு கணக்கில் அல்ல, எண்ணத்தில்: அதிக மின்னூட்டமுள்ள பலூன் மற்றதை அதிகமாகத் தள்ளும் என்று நினைப்பது. இரண்டின் மீதும் விசை எப்போதும் சமம். நிறை சமமானால் சாய்வும் சமம். எனவே 0.33 மைக்ரோகூலும் என்பது இரண்டும் சமமாக மின்னூட்டம் பெற்றன என்ற அனுமானத்தில் வந்தது. உறுதியாகத் தெரிவது இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கல் மட்டுமே. பலூனில் மின்னூட்டம் தேய்த்த பக்கத்தில்தான் இருக்கும் என்பதால், அதையும் மையத்தில் இருப்பதாகக் கொள்வது ஓர் எளிமையாக்கல்.

அந்த 900 கோடி நியூட்டனுக்கு என்ன ஆனது? ஒரு கூலுமை ஒரு பொருளின் மேல் நிறுத்தி வைக்க முடியாது என்பதுதான் பதில். காற்றில் மின்புலம் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே கடத்தியாகி, பொறி பறந்து மின்னூட்டம் வெளியேறிவிடும். அந்த எல்லைக்குள் ஒரு கூலுமைத் தாங்க, உருண்டையின் ஆரம் சுமார் 55 மீட்டர் இருக்க வேண்டும். அப்படி இரண்டு உருண்டைகளின் மையங்களை ஒரு மீட்டர் இடைவெளியில் வைக்க வழியே இல்லை. பாடப்புத்தகக் கணக்கு மாறிலியின் பொருளைக் காட்டுவதற்கான கற்பனை. அதை நடக்கக்கூடிய நிகழ்வாக எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் இது. இதே எல்லை இழுவிசைக்கும் ஓர் உச்சவரம்பு போடுகிறது: கண்ணால் பார்க்கும் அளவுள்ள இடைவெளிகளில், காற்றில், நிலைமின் இழுப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 40 நியூட்டனைத் தாண்ட முடியாது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிராம் எடை. சீப்பின் நுனி தூக்கும் பொருள் ஏன் காகிதமாகவும் முடியாகவும் தூசியாகவும் மட்டுமே இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. எல்லையைத் தொடும் அளவுக்கு மின்னூட்டம் ஏறிய பரப்பில்கூட, ஏறத்தாழ ஒரு லட்சம் மேற்பரப்பு அணுக்களுக்கு ஓர் எலக்ட்ரான்தான் மிகுந்தோ குறைந்தோ இருக்கும்.

அந்த மாபெரும் விசை எங்கும் காணாமல் போகவும் இல்லை. ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் ஒன்றையொன்று இழுக்கும் மின்விசை, அவற்றுக்கிடையிலான ஈர்ப்பு விசையைவிடச் சுமார் 2 × 10³⁹ மடங்கு. இரும்பு இரும்பாகவும் கல் கல்லாகவும் பிடித்து நிற்பது அந்த விசையால்தான்.

வோல்ட் பற்றியும் ஒரு சொல், ஏனென்றால் பத்தாயிரம் வோல்ட் என்று கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். உலர்ந்த நாளில் கம்பளத்தில் நடந்தவரின் உடல் அந்த அளவு மின்னழுத்தத்தை எட்டக்கூடும். ஆனால் மனித உடலின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், சுமார் 100 பிகோஃபாரட்தான். அதில் 10,000 வோல்ட் என்றால் சேர்ந்திருப்பது ஒரு மைக்ரோகூலும், ஆற்றல் 5 மில்லிஜூல். சுருக்கென்று குத்தும், உடலுக்குத் தீங்கு செய்யாது. ஆனால் சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க ஒரு மில்லிஜூலில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. எனவே அங்கே இதே பொறி விளையாட்டல்ல.

சீப்பைக் காட்டினால் வளையும் குழாய்நீர் பற்றியும் ஒரு திருத்தம். நீர் மூலக்கூறுகள் முனைவுள்ளவை, அவை திரும்பி நிற்பதால் தாரை வளைகிறது என்ற விளக்கம் பரவலாக இருக்கிறது. அது முழுக்கத் தவறில்லை, ஆனால் பெரும்பங்கு வேறு. குழாய்நீர் கரைந்த உப்புகளால் மின்கடத்தி. சீப்பு அருகில் வரும்போது குழாய் வழியாகத் தாரைக்கு எதிர்வகை மின்னூட்டம் தூண்டப்படுகிறது, அதைச் சுமந்தபடி நீர் விழுகிறது. கெல்வின் 1867இல் விளக்கிய நீர்த்துளி மின்னாக்கி இதே தத்துவத்தில்தான் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உருவாக்குகிறது.

சோதனைகள் எதுவுமே நடக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் ஈரப்பதம். 40 விழுக்காட்டுக்குக் கீழே எல்லாம் எளிதாக நடக்கும். 60ஐத் தாண்டினால் பொருள்களின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலம் மின்னூட்டத்தை வழியவிட்டுவிடும். கண்ணாடி இதில் மிக மோசம். சீப்பையும் முடியையும் ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் சூடாக்கிவிட்டுச் செய்யுங்கள். எண்ணெய் தடவிய முடி வேண்டாம்; சீப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாக அலசி உலர்த்துங்கள். சோப்பு மிச்சமிருந்தால் அதுவும் ஈரத்தை இழுக்கும்.

இவ்வளவும் புரிந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. காலி அலுமினியக் குளிர்பானக் குவளையை உலர்ந்த தெர்மாகோல் கட்டியின் மேல் வையுங்கள். எதிர்மின்னூட்டமுள்ள சீப்பை 2 சென்டிமீட்டர் அருகில் கொண்டு வாருங்கள், தொட வேண்டாம். அப்படியே பிடித்தபடி மறுகையின் விரலால் குவளையைத் தொடுங்கள். எந்தப் பக்கம் தொட்டாலும் சரி, எலக்ட்ரான்கள் விரல் வழியே வெளியேறும். முதலில் விரலை எடுங்கள், பிறகு சீப்பை. வரிசை மாறிச் சீப்பை முதலில் எடுத்தால், போன எலக்ட்ரான்கள் அதே விரல் வழியே திரும்பி வந்து குவளை நடுநிலையாகிவிடும். "வேலை செய்யவில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் தவறியிருப்பார்கள். சரியாகச் செய்திருந்தால் குவளையில் இப்போது நேர்மின்னூட்டம் இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க எதிர் டேப்பைக் காட்டினால் அது குவளையிடம் போகும், ஆனால் வெறும் குவளையிடமும் அது போயிருக்கும். நேர் டேப்பைக் காட்டுங்கள். அது விலகினால் மட்டுமே குவளையில் நேர்மின்னூட்டம் இருக்கிறது.